அறப்பணியும் அச்சுப்பக்கமும் ஒரே கையில் இருக்கும்போது

கேள்வி: என் தந்தை எங்கள் பகுதியில் வெளிவரும் ஒரு வார இதழின் உரிமையாளர். பத்திரிகைக்காரர் என்பதைவிட, உதவி செய்பவர் என்றே மக்கள் அவரை அறிவார்கள். மருத்துவ உதவி நிதியையும் ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி நிதியையும் இதழின் பெயரிலேயே திரட்டுகிறார். ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். இதழின் விளம்பர வருமானம் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த ஆண்டு முதல் நிர்வாகத்தை நான் ஏற்க வேண்டும் என்கிறார். இந்த நேரத்தில், அந்த இல்லத்தில் சேர்ந்தபோது கட்டிய முன்பணம், முதியவர் இறந்தபின் திருப்பித் தரப்படவில்லை என்று இரண்டு குடும்பத்தினர் எங்கள் நிருபரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார்கள். “நல்லது நடக்கும் இடத்தை நாமே கெடுக்கக் கூடாது” என்று சொல்லி அப்பா அந்தச் செய்தியை நிறுத்திவைத்துவிட்டார். அவர் பிறர் பணத்தில் ஒரு காசு தொடாதவர் என்பது எனக்குத் தெரியும். நிருபரோ வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். நான் என்ன செய்வது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: இல்லத்தின் மீதான புகார், இதழின் பெயரில் திரளும் நிதி, அடுத்த ஆண்டு தங்கள் கைக்கு வரவிருக்கும் பொறுப்பு. பத்திரிகை நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்துவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அறப்பணியைப் பற்றித் தங்கள் இதழால் அச்சமின்றிச் செய்தி எழுத முடியாதோ, அந்த அறப்பணியின் நிர்வாகத்தில் இதழின் உரிமையாளர் இருக்கக் கூடாது. அவர் தொடர்ந்து உதவலாம், பணம் கொடுக்கலாம், மக்களிடம் கேட்டும் வாங்கித் தரலாம். தலைவர் நாற்காலியில் அமர்வதும் செய்தியை நிறுத்தும் அதிகாரமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதுதான் தங்கள் வீட்டில் இப்போது எழுந்திருக்கும் சிக்கலுக்குக் காரணம். தங்கள் தந்தையாரின் நாணயத்தை நான் சிறிதும் ஐயப்படவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். நாணயமான மனிதர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது, ஏனென்றால் அவர்களிடம் கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

புகாரை எடுத்துக்கொள்வோம். முன்பணம் கட்டிய முதியவர்களின் குடும்பங்கள் அந்தத் தொகைக்காகக் காத்திருக்கின்றன. எனவே இதுதான் அவசரமானது. தங்கள் தந்தையார் இந்த விஷயத்தில் இரண்டு பொறுப்புகளை வகிக்கிறார். இல்லத்தின் தலைவர் என்ற முறையில், இப்படி ஒரு புகார் காதில் விழுந்த உடனேயே அதை நிர்வாகக் குழுவின் முன் வைத்து, குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளரை அமர்த்தி முன்பணக் கணக்கு முழுவதையும் பார்க்கச் சொல்ல வேண்டியது அவர் கடமை. இதழின் உரிமையாளர் என்ற முறையில், தாம் தலைவராக இருக்கும் இடத்தைப் பற்றிய செய்தியிலிருந்து முற்றிலுமாக விலகி நிற்க வேண்டியதும் அவர் கடமை. முதலாவதை அவர் செய்தாரா என்று தாங்கள் எழுதவில்லை. இரண்டாவதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

விலகி நிற்பது என்றால் எழுத்தில் விலகி நிற்பது. “முதியோர் இல்லம் தொடர்பான எந்தச் செய்தியையும் வெளியிடுவது, நிறுத்துவது, திருத்துவது ஆகியவற்றில் எனக்குப் பங்கு இல்லை” என்று ஆசிரியருக்கு அவர் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். தாங்கள் அவருடைய மகள் என்பதால் அந்த அதிகாரம் தங்களிடமும் வந்து சேரக் கூடாது. வேறொரு பத்திரிகையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, தங்கள் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒரு மூத்த பத்திரிகையாளரைக் கண்டுபிடித்து, இந்த ஒரு செய்திக்கு மட்டும் முடிவெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுங்கள். அவருக்கு நியாயமான ஊதியமும் கொடுங்கள். நிருபர் அவரிடம் நேரடியாகப் பேசட்டும். புகார் கொடுத்தவர்களிடம் உள்ள ரசீதுகள், சேர்க்கையின்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், இல்லம் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே எதையும் எழுத வேண்டும். முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருந்திருக்கலாம். வாரிசுச் சான்று வராததால் தொகை நின்றிருக்கலாம். இல்லம் அந்தப் பணத்தை அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டு இப்போது திருப்பித் தர வழியில்லாமல் இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு செய்திகள். கடைசியாகச் சொன்னது உண்மையானால், இன்று அங்கே வாழ்கிற மற்ற முதியவர்களின் பணமும் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது செய்தி வரும்வரை காத்திருக்காமல் கண்காணிப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகக் குழுவுக்கு வந்துவிடுகிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. குழுக் கூட்டத்தில் தலைவராக அறிந்த உள்விவகாரங்களைத் தந்தையார் நிருபரிடம் சொல்லக் கூடாது. அது இல்லத்துக்கு அவர் செய்யும் துரோகம். அதேபோல், நிருபர் யாரிடம் பேசினார், கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்பதை இல்லத்தின் மேலாளரிடம் சொல்லவும் கூடாது. அது புகார் கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஒரே மனிதர் இரண்டு இரகசியங்களையும் காப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் ஏதாவது ஒரு பதவியைவிட்டு இறங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குத் தத்துவக் காரணம் எதுவும் இல்லை, இந்த நடைமுறைக் காரணமே போதும்.

செய்தி வெளியாகும் நிலைக்கு வந்தால், “இந்த இதழின் உரிமையாளர் மேற்படி இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவர், இச்செய்தியின் தயாரிப்பில் அவர் பங்கேற்கவில்லை” என்ற வரி செய்தியின் தொடக்கத்திலேயே, அதே எழுத்தின் அளவில் அச்சாக வேண்டும். இல்லத்தின் விளக்கத்தையும் முழுமையாகப் போடுங்கள். விசாரித்ததில் புகாருக்கு அடிப்படை இல்லையென்று தெரிந்தால் செய்தியே வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாமென்று முடிவெடுக்கப்பட்டது என்பதை அந்த வெளி ஆசிரியர் ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பில் வைக்கட்டும். அமெரிக்காவின் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை, தவிர்க்க முடியாத நலன் முரண்களை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. வாசகர் ஓர் உறவை நம் வாயிலாகத் தெரிந்துகொண்டால் அதை மதிப்பார். அடுத்தவர் வாயிலாகத் தெரிந்துகொண்டால் அதன்பின் நாம் எழுதும் எதையும் நம்ப மாட்டார்.

“நாமே கெடுக்கக் கூடாது” என்ற தந்தையாரின் கவலையை நான் புறந்தள்ளவில்லை. செய்தி வந்தால் நன்கொடையாளர் சிலர் பின்வாங்கக் கூடும். அதன் பாதிப்பு இல்லத்தில் இருக்கிற, எந்தத் தவறும் செய்யாத முதியவர்கள் மீது விழும் என்று அவர் அஞ்சுகிறார். ஆனால் புகார் கொடுத்தவர்கள் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் இதழ் எழுதாவிட்டால் வேறு இதழுக்கோ நீதிமன்றத்துக்கோ அவர்கள் போவார்கள். அப்போது வெளிவரும் செய்தி, முன்பணம் திரும்பவில்லை என்பதோடு நிற்காது. தலைவரின் சொந்தப் பத்திரிகை அதை மூடி மறைத்தது என்பதும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது பாதி இல்லத்தை மட்டுமல்லாமல், அவருடைய மருத்துவ நிதியையும் கல்வி நிதியையும் சேர்த்தே சாய்த்துவிடும். இதைத் தாங்கள் அவரிடம் தனிமையில், நிருபரோ ஆசிரியரோ உடன் இல்லாதபோது சொல்வது நல்லது. “அப்பா, உங்களை யாரும் சந்தேகப்படவில்லை, உங்களைச் சந்தேகப்பட இடம் கொடுக்காத ஒரு ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன்” என்று தொடங்கினால் அவர் செவிசாய்ப்பார் என்று நம்புகிறேன்.

இனி, நிதித் திரட்டலுக்கு வருகிறேன். பத்திரிகையும் அறப்பணியும் சேர்ந்து நடப்பதில் தவறே இல்லை. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1885-இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தமது ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழ் வழியாக மக்களிடம் கையேந்தினார்; ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 1,20,000-க்கும் அதிகமானோர் 1,00,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கு மிகாத தொகை. எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அந்த இதழ் அச்சிட்டது. நன்றி சொல்வதற்காக மட்டுமே அது என்று எண்ண வேண்டாம். தன் பெயரும் தொகையும் சரியாக வந்திருக்கிறதா என்று கொடுத்தவரே பார்த்துக்கொள்ள முடிந்தது. பொதுமக்களே தணிக்கை செய்யும் கணக்கு அது. அந்தத் திரட்டலால் இதழின் விற்பனையும் பெருகியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிதிப் பணம் ஒரு பக்கமும் விற்பனைப் பணம் ஒரு பக்கமும் தனித்தனியே நின்றால் அதில் குற்றமில்லை.

‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் அதிபர் அடால்ஃப் ஆக்ஸ் 1912-இல் தொடங்கிய ஏழையரிலும் ஏழையருக்கான நிதி இன்னொரு பாடம் தருகிறது. உதவி தேவைப்படும் குடும்பங்களை அந்த நாளிதழ் தானே தேடித் தேர்ந்தெடுக்கவில்லை. நகரில் ஏற்கனவே இயங்கிய அறநிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளிலிருந்து குடும்பங்களை எடுத்துக் கொடுத்தன; பணமும் அவற்றின் வழியே போயிற்று. நாளிதழ் செய்தது அந்தக் குடும்பங்களின் கதையை எழுதியதும், வாசகரிடம் கேட்டதும்தான். தங்கள் தந்தையாருக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பிரிவினையைத்தான். கேட்பது ஒருவர், யாருக்கு என்று முடிவெடுப்பது மற்றொருவர், கணக்கு எழுதுவது மூன்றாமவர் என்று இருக்க வேண்டும். இன்று மூன்றையும் அவரே செய்கிறார் என்று தங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

ஆகவே மருத்துவ நிதிக்கும் கல்வி நிதிக்கும் இதழிலிருந்து பிரிந்த, சட்டப்படி பதிவான ஓர் அறக்கட்டளை வேண்டும். பதிவு செய்யும் முறையும் வரிச்சலுகையும் நாட்டுக்கு நாடு மாறுபடும். உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள். எங்கும் மாறாத சில விதிகள் இருக்கின்றன. அறக்கட்டளைக்குத் தனி வங்கிக் கணக்கு, அதில் இருவர் கையெழுத்து, அவர்களில் ஒருவராவது குடும்பத்துக்கும் பத்திரிகைக்கும் வெளியே இருப்பவர். வரும் ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது. ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கென்று திரட்டிய பணம் அந்தச் சிகிச்சைக்கே. மிஞ்சினால் என்ன செய்வோம் என்பதைப் பணம் கேட்கும்போதே வேண்டுகோளில் அச்சிட்டுவிட வேண்டும். மிஞ்சிய பணத்தை நல்ல மனத்தோடு இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல முடியாமல் தவித்த பெரியவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

இதழின் வருமானம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் அச்சகத்துக்குக் கட்டப் பணம் இருக்காது. அறநிதிக் கணக்கில் பணம் இருக்கும். அடுத்த வாரம் விளம்பரப் பாக்கி வந்துவிடும் என்பதும் உறுதியாகத் தெரியும். அந்த ஒரு வாரத்துக்குக்கூட அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. கைமாற்றாக எடுத்து, வட்டியோடு திருப்பி வைத்தாலும் அது பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியதாகவே கணக்கில் நிற்கும். இரண்டு கணக்குகளும் இன்று கலந்திருந்தால், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே பிரியுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் வரவையும் செலவையும் வெளித் தணிக்கையாளர் ஒருவரிடம் கொடுத்து, இதழிலிருந்து நிதிக்குச் சேர வேண்டியதோ நிதியிலிருந்து இதழுக்குச் சேர வேண்டியதோ ஏதேனும் உண்டா என்று எழுதி வாங்குங்கள். தந்தையார் தம் கைப்பணத்தை நிதியில் போட்டுவிட்டுக் குறித்துவைக்காமல் விட்டிருக்கவும் கூடும். கொடுக்கும் குணமுள்ளவர்களின் கணக்கில் இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம்.

விளம்பரப் பிரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரம் வாங்கப் போகும் ஊழியரே நிதிக்கும் நன்கொடை கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் உடனே நிறுத்துங்கள். கொடுத்த வணிகர் அதை விளம்பரக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே மனத்தில் எழுதிக்கொள்வார்; நாளை அவர் கடையைப் பற்றிப் புகார் வந்தால், செய்தியை நிறுத்த அவருக்கும் உரிமை உண்டென்று நினைப்பார். காசோலை வழங்கும் படங்களுக்கும் ஒரு விதி எழுதுங்கள்: எல்லா நன்கொடையாளர் பெயரும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில் வரட்டும், தேர்தலில் நிற்பவர், நிற்கக் கூடியவர் யாருடைய படமும் நிதிப் பக்கத்தில் வர வேண்டாம். ஊழியர் சம்பளத்திலிருந்து நன்கொடை பிடிப்பதோ, விடுமுறை நாளில் தொண்டுக்கு வரும்படி சொல்வதோ கூடாது. அதிபர் கேட்டால் மறுக்க முடியாதவர்கள் கொடுப்பதை நன்கொடை என்று சொல்ல முடியாது.

உதவி பெறுபவர்களைப் பற்றி எழுதும்போது, எழுதச் சம்மதிக்காவிட்டாலும் உதவி உண்டு என்பதை அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுத்தவர் பெயரை அச்சிடலாம்; பெற்றவர் பெயரை அச்சிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. குழந்தைகளின் முகத்தையும் பள்ளியின் பெயரையும் போடவே வேண்டாம். கல்வி உதவி பெற்ற பிள்ளை ஒரு நாள் அதே ஊரில் வேலை தேடி நிற்கும்போது, அந்தப் பழைய பக்கம் யாராவது ஒருவர் கையில் இருக்கும்.

தந்தையார் தம் காலத்துக்குப் பின் இதழையே ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைக்க நினைத்தால், அதற்கும் முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழைக் காக்க 1936-இல் ஸ்காட் அறக்கட்டளை உருவானது. அமெரிக்காவில் நெல்சன் பாயின்டர் 1978-இல் மறைந்தபோது, தம் நாளிதழின் உரிமையை, பத்திரிகையாளர்களுக்காகத் தாம் தொடங்கியிருந்த பயிற்சி நிறுவனத்துக்கு விட்டுச்சென்றார். ஆனால் கனடாவில் நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். ஏழைக் குழந்தைகளுக்காக 1901-லும் 1906-லும் நிதிகள் தொடங்கிய ‘டொரான்டோ ஸ்டார்’ இதழின் ஜோசப் அட்கின்சன், 1948-இல் இறந்தபோது இதழை அறக்கட்டளைக்கு எழுதிவைத்திருந்தார். மறு ஆண்டே ஒன்டாரியோ அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, அறநிறுவனம் எதுவும் ஒரு வணிக நிறுவனத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் உரிமை வைத்திருக்கக் கூடாது என்றது. கடைசியில் 1958-இல் அறங்காவலர்களே இதழை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. உயில் எழுதுவதற்கு முன் சட்டம் அறிந்தவரைக் கேட்க வேண்டும் என்பதோடு, வருமானம் குறைந்துவரும் ஓர் இதழை அறக்கட்டளையின் தலையில் வைத்தால் தொண்டுக்குரிய பணம் அச்சுச் செலவுக்குப் போய்விடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இது அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயமன்று.

நிருபரை இன்றே சந்தியுங்கள். அவர் திரட்டிய ஆவணங்கள் பத்திரமாக இருக்கட்டும். புகார் கொடுத்தவர்களிடம், விஷயம் வெளி ஆசிரியர் ஒருவரின் பார்வைக்குப் போகிறது என்று அவரே தெரிவிக்கட்டும். தந்தையார் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டால், இல்லத்தின் தலைவர் பதவியிலிருந்து அவர் எந்தத் தேதியில் விலகுகிறார் என்பதை எழுதி வாங்கிய பிறகு நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். விலகினாலும் அவர் வாரந்தோறும் அங்கே போய் முதியவர்களோடு உட்கார்ந்து பேசலாம். அதற்குப் பதவி தேவையில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால், பொறுப்பேற்பதை ஆறு மாதம் தள்ளிவைப்பதாகச் சொல்லி, காரணத்தையும் அவருக்குக் கடிதமாகவே கொடுங்கள். மகள் நேரில் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடிய ஒரு பத்திரிகைக்காரர், அவள் எழுதிக் கொடுத்ததை நிச்சயம் இரண்டாம் முறையும் படிப்பார்.